மூன்று குடும்பம் போதும்: சேர்ந்து வெளியில் போகத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் முதல் நடைக்கு ஐந்து கிலோமீட்டர் என்று திட்டம் போட்டிருந்தோம். நடந்தது எண்ணூறு மீட்டர். கூட வந்த நாலு வயதுக் குழந்தை பாதையோரத்தில் ஒரு எறும்பு வரிசையைப் பார்த்துவிட்டாள். செத்த தட்டான் ஒன்றின் இறக்கையைப் பத்துப் பதினைந்து எறும்புகள் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, பாய்மரம் போல ஆட ஆட இழுத்துப் போய்க்கொண்டிருந்தன. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மற்றப் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்தார்கள். குறுக்கே ஒரு கல் வந்தது, இறக்கை சாய்ந்தது, "விழுந்துடுச்சு!" என்று கத்தினார்கள். மறுபடி நிமிர்ந்ததும் கைதட்டினார்கள். இருபத்தைந்து நிமிடம் இப்படியே போனது. பெரியவர்கள் நாங்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம்.

அந்த நடையைப் பற்றிப் பிள்ளைகள் இன்றும் பேசுகிறார்கள். நாங்கள் போகாமல் விட்ட நாலு கிலோமீட்டரைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. குடும்பங்களாகச் சேர்ந்து வெளியில் போவதில் நான் கற்றதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கூட்டத்திலேயே சின்னப் பிள்ளைக்கு எது தோதோ, அதை வைத்துத் திட்டம் போடுங்கள். சிறிதாக, அடிக்கடி, அதே இடத்துக்குப் போங்கள். கீழே இருப்பது அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

ஆளைச் சேர்ப்பது

மூன்று குடும்பம் போதும், நாலு என்றால் இன்னும் நல்லது. நாலில் இரண்டு வராவிட்டாலும் இரண்டு வரும், பிள்ளைகளுக்குத் துணை இருக்கும். முதலிலேயே பத்துக் குடும்பத்தைக் கூப்பிட்டால் வண்டி நிறுத்துவதிலிருந்து தலை எண்ணுவது வரை எல்லாமே பெரிய வேலை ஆகிவிடும். அந்த வேலை ஒருவர் தலையில் விழும், அவர் மூன்றாம் மாதம் களைத்துப் போவார்.

வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்து, "யாரெல்லாம் வருகிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பெருவிரல் படம் நிறைய வரும், ஆள் வராது. ஒவ்வொரு குடும்பத்தையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "அக்கா, வர்ற ஞாயிறு காலையில ரெண்டு மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு இருக்கோம், நீங்களும் வாங்க" என்று நேரில் கேட்டால், வர முடியுமா முடியாதா என்று தெளிவான பதில் கிடைக்கும். குழு அப்புறம் வரட்டும். அது நேரமும் இடமும் சொல்வதற்கு மட்டும்.

பிள்ளைகள் ஒரே வயதாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வயது கலந்த கூட்டத்தில் பத்து வயதுப் பையன் ஐந்து வயதுத் தங்கைக்குக் கைகொடுத்து மேடு ஏற்றுகிறான். வீட்டில் அவன் அப்படிச் செய்து அவன் அம்மாவே பார்த்ததில்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒன்றே ஒன்று இருந்தால் அது தனித்துப் போகும். அதே வயதில் இன்னொன்றைத் தேடுங்கள், இல்லாவிட்டால் அதற்கு ஒரு நிஜமான பொறுப்பைக் கொடுங்கள். வரைபடம் பார்த்து வழி சொல்வது போன்ற வேலை.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாவோ அப்பாவோ, தாத்தா பாட்டியோ குழுவில் இருந்தால் மற்றவர்களுக்கும் நல்லது. கூட்டமாகப் போவதன் பெரிய பயனே இரண்டு கை எட்டாய்ப் பெருகுவதுதான். அது யாருக்கு மிகவும் தேவையோ அவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

நாளும் நேரமும்

"இந்த மாதம் எந்த நாள் தோது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டால் அந்தக் கேள்வியே குழுவைத் தின்றுவிடும். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை ஏழரை மணி என்று ஒரு முறை முடிவு செய்யுங்கள், அப்புறம் மாற்றாதீர்கள். இரண்டு குடும்பம் வந்தால்கூடப் போவது என்றும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வர முடியாதவர்கள் காரணம் விளக்க வேண்டியதில்லை. அடுத்த மாதமும் அதே நாள், அதே நேரம்.

இதற்குப் பார்க்ரன்னை நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேர் ஓடித் தொடங்கியது அது. சனிக்கிழமை காலை, ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தும் போகலாம். இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. அவர்கள் ஒவ்வொரு வாரமும் புதிதாக எதையும் யோசிப்பதில்லை. நாள் மாறாது, நேரம் மாறாது, பாதை மாறாது. பிள்ளைகளுக்கென்று ஞாயிறுகளில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் தனியாக இருக்கிறது. உங்கள் ஊர்ப்பக்கம் நடந்தால், முதல் இரண்டு மாதம் அதிலேயே கூடிப் பழகிக்கொள்ளலாம்.

மொத்த நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்று பிள்ளைகள் கெஞ்சும்போது கிளம்பினால் அடுத்த மாதம் அவர்களே நினைவுபடுத்துவார்கள்.

இடம்

எல்லா வீட்டிலிருந்தும் அரை மணிக்குள் போகக்கூடிய இடம். நிழல், கழிப்பறை, குடிநீர் மூன்றும் இருந்தால் மிக நல்லது. குடிநீர் கொண்டுபோய்விடலாம். கழிப்பறை இல்லாத இடத்துக்கு முதல் மூன்று முறை போகாதீர்கள். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களும் பெரியவர்களும் அதை நினைத்தே அடுத்த முறை தயங்குவார்கள், வெளியில் சொல்லவும் மாட்டார்கள்.

ஏரிக்கரை, பூங்கா, கடற்கரை, காட்டோரப் பாதை, வெறும் மைதானம் எதுவானாலும் சரி. எல்லை கண்ணுக்குத் தெரிய வேண்டும்: "அந்தப் பெரிய மரம், இந்த வேலி, அந்த இருக்கை, இதைத் தாண்டக் கூடாது" என்று விரல்நீட்டிக் காட்ட முடிகிற இடம். வனத்துறைப் பகுதி என்றால் அனுமதி வேண்டுமா என்று முன்பே விசாரியுங்கள்.

ஒருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்துவர வேண்டும், அதுவும் நீங்கள் கூடப்போகும் அதே நேரத்தில். மாலையில் பார்த்த நிழல் காலையில் அங்கே இருக்காது. போகிறவர் கவனிக்க வேண்டியவை: கைப்பேசிக்குச் சிக்னல் இருக்கிறதா, வண்டி எதுவரை வரும், வண்டி விட்டு இறங்கும் இடத்துக்கும் சாலைக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம். வண்டி நிறுத்தும் இடத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் குதித்து இறங்கி ஓடுவதும், பெரியவர்கள் டிக்கியைத் திறந்து பை எடுப்பதில் மும்முரமாக இருப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் சலிக்காதா என்று கேட்பார்கள். பெரியவர்களுக்குச் சலிக்கலாம். பிள்ளைகளோ போன மாதம் தாங்கள் நட்டு வைத்த குச்சி இன்னும் நிற்கிறதா என்று பார்க்க ஓடுகிறார்கள். ஒரு குட்டை நிரம்புவதும் வற்றுவதும், ஒரு மரம் இலை உதிர்த்துத் தளிர்விடுவதும் ஆறு முறை போனவர்களுக்குத்தான் தெரியும்.

எவ்வளவு தூரம்?

மலையேறுகிறவர்கள் நடை நேரத்தைக் கணக்கிட ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன கணக்கு அடிப்படை: சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இது உடல் தெம்புள்ள பெரியவர்களுக்கு, அதுவும் நிற்காமல் நடந்தால். பிள்ளைகளோடு போகும்போது வரும் விடையை இரண்டால் பெருக்குங்கள். ஐந்து வயதுக்குக் கீழே ஆள் இருந்தால் மூன்றால் பெருக்குங்கள். இந்தப் பெருக்கல் என் அனுபவக் கணக்கு, இதுவரை பெரிதாகத் தவறியதில்லை.

அதைவிட எளிய வழி, தூரத்தையே மறந்துவிட்டு நேரத்தைப் பிடிப்பது. "ஏழே முக்காலுக்குக் கிளம்புவோம், எட்டரைக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம்." இதைக் கிளம்பும் முன் சத்தமாக எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். திரும்பும்போது பிள்ளைகள் களைத்திருப்பார்கள், வெயிலும் ஏறியிருக்கும். போக நாற்பத்தைந்து நிமிடம் என்றால் வர ஒரு மணி நேரம் வையுங்கள்.

அங்கே போய் என்ன செய்வது

நடுவில் ஒரு வேலை இருந்தால் நடை இழுக்காது. ஒரே ஒரு வேலை போதும். பாட்டு, போட்டி, கைவினை என்று நிகழ்ச்சி நிரல் போட்டுவிட்டால் அது இன்னொரு பள்ளி நாளாக மாறிவிடும்.

எல்லா வயதுக்கும் பிடித்தது ஒளித்துவைத்துத் தேடுவது. 2000 மே 2 அன்று அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த துல்லியக் குறைவை நீக்கியது. மறுநாளே ஒருவர் ஆரெகான் மாநிலத்தில் ஒரு காட்டோரம் வாளி ஒன்றில் சில பொருள்களை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிட்டார். அப்படிப் பிறந்ததுதான் ஜியோகேஷிங். இன்று உலகமெங்கும் லட்சக்கணக்கில் பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன, செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு யாரும் தேடலாம். அது இல்லாமலும் செய்யலாம். முன்பே பார்க்கப் போனவர் ஒரு தாளில் கையால் வரைபடம் வரைந்து, ஐந்து இடங்களில் வண்ண நாடா கட்டி வைக்கட்டும். பிள்ளைகள் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடிப்பார்கள், சண்டை போடுவார்கள், அப்புறம் அவர்களே திருப்பி வைப்பார்கள். நாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அங்கே கடினம். கடைசியில் நாடா ஐந்தையும் அவிழ்த்துக் கொண்டுவந்தால்தான் விளையாட்டு முடிந்தது என்று சொல்லிவிடுங்கள்.

பறவை எண்ணுவது இன்னொன்று. ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதுவது. 1998-இல் தொடங்கிய கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் என்ற கணக்கெடுப்பு ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாலு நாள் நடக்கிறது. உலகில் எங்கிருந்தும் கலந்துகொள்ளலாம், பதினைந்து நிமிடம் இருந்தால் போதும். பெயர் தெரியாத செடி, பூச்சிகளைப் படமெடுத்துப் போட்டால் ஐநேச்சுரலிஸ்ட் செயலி பெயரை ஊகித்துச் சொல்லும், பிறகு தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள். ஒரு கைப்பேசி மட்டும் வெளியே இருக்கட்டும், அதுவும் ஒரு பெரியவர் கையில்.

இதற்கு அரை மணி. மீதி நேரத்தைச் சும்மா விட்டுவிடுங்கள். முதல் பத்து நிமிடம் "போரடிக்குது" என்பார்கள். பதில் சொல்லாதீர்கள். பதினோராவது நிமிடம் யாராவது ஒரு குழி தோண்டத் தொடங்கியிருப்பார்கள்.

இந்தச் சும்மா நேரத்துக்குச் சரியான காரணமும் இருக்கிறது. ஐந்திலிருந்து பதினேழு வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணுக்கும் வெளிச்சம் தேவை. சீனாவின் குவாங்சூ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிட வெளிப்புற நேரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் அது 39.5 சதவீதம். மாதம் ஒரு முறை போவதால் மட்டும் இது கிடைத்துவிடாது. ஆனால் மாதம் ஒரு முறை சேர்ந்து போகும் பிள்ளைகள் நடுவில் ஒருவரையொருவர் தேடி வெளியில் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

யார் கண் யார் மேல்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு முறை எங்கள் கூட்டத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவனைக் காணவில்லை. பெரியவர்கள் எட்டுப் பேர் இருந்தோம். அம்மா, அப்பாவிடம் இருக்கிறான் என்று நினைத்தார். அப்பா, மாமா கூட்டத்தோடு போயிருக்கிறான் என்று நினைத்தார். அவனைக் கடைசியாகப் பார்த்த ஆள் நான்தான் என்பதே எனக்குத் தெரியாது. ஏழு நிமிடம் கழித்து, கழிப்பறைக்குப் பின்னால் ஒரு குழாயில் தண்ணீர் திறந்துவிட்டு விளையாடிக்கொண்டிருந்தவனைக் கண்டுபிடித்தோம். அவனுக்கு ஒன்றுமில்லை. அவன் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார், வெகு நேரம் எழவில்லை. எட்டுப் பேர் இருந்ததால்தான் அது நடந்தது. இருவர் மட்டும் இருந்திருந்தால் இருவரும் பார்த்திருப்போம்.

அன்றிலிருந்து நாங்கள் விடாமல் செய்வது இவை.

பொறுப்பை வாயால் கைமாற்றுவது. "நான் தண்ணி எடுக்கப் போறேன், இவனைப் பாத்துக்கோங்க அண்ணா." "சரி, நான் பாத்துக்கறேன்." அந்தச் "சரி" காதில் விழாமல் நகரக் கூடாது. தலையாட்டுவதும் சிரிப்பதும் கணக்கில் சேராது.

நடக்கும்போது முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். முன்னால் போகிறவரைப் பிள்ளைகள் தாண்டக் கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. பாதை பிரியும் இடத்தில் முன்னவர் நின்று, கடைசி ஆள் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். வேகமாக நடக்கிறவரை முன்னால் விடாதீர்கள். மெதுவாக நடப்பவரோ ஒரு பிள்ளையோ முன்னால் போனால் கூட்டம் இழுபடாது.

எண்ணுவதற்கென்று ஒருவர். வண்டியை விட்டு இறங்கியதும், ஒவ்வொரு திருப்பத்திலும், கிளம்பும் முன்னும் தலையை எண்ணிச் சத்தமாகச் சொல்வது அவர் வேலை. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிட்டால், "என் ஜோடியைக் காணோம்" என்று அவர்களே முதலில் சொல்வார்கள்.

தொலைந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே கற்றுக்கொடுங்கள். 1981-இல் அமெரிக்காவின் சான் டியாகோ பக்கம் மலைக்காட்டில் வழிதவறிய ஒன்பது வயதுச் சிறுவன் உயிரோடு கிடைக்கவில்லை. அந்தத் தேடலில் இருந்தவர்கள் மனம் நொந்து, பிள்ளைகளுக்கென்று ஒரு பாடம் உருவாக்கினார்கள்: வழி தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இரு. நகர்ந்துகொண்டே இருக்கும் பிள்ளையைத் தேடுவது மிகக் கடினம், தேடி முடித்த இடத்துக்கே அது வந்து சேரக்கூடும். ஆளுக்கொரு விசில் கழுத்தில் மாட்டிவிடுங்கள். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள், விளையாட்டுக்கு ஊதக் கூடாது. "கத்திக் கூப்பிட்டால் திட்டுவார்கள் என்று பயந்து ஒளியாதே, உன்னை யாரும் திட்டமாட்டோம்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயந்துபோன பிள்ளை தேடி வருபவரைக் கண்டே ஒளிந்துகொள்வது உண்டு.

தண்ணீர் இருந்தால்

ஏரி, ஆறு, கடல், நீச்சல்குளம் எதுவாக இருந்தாலும் தண்ணீரைப் பார்க்க மட்டும் ஒரு பெரியவர். அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது, அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள், மாறும்போது கையில் ஒரு பட்டையோ தொப்பியோ கைமாறட்டும். யாரிடம் பொறுப்பு என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

மூழ்குகிறவர் கை ஆட்டிக் கத்துவார் என்று நாம் நினைத்திருக்கிறோம். மூச்சுக்குத் திணறும்போது குரல் எழும்பாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் போகும், சத்தமே இருக்காது. நீந்தத் தெரியாத பிள்ளை, சின்னப் பிள்ளை இரண்டுமே பெரியவர் ஒருவரின் கை எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். காற்றடைத்த வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுச் சாமான்கள், உயிர்காக்கும் மேலங்கிக்கு ஈடாகாது. ஓடும் ஆற்றில் இறங்குவதைத் தொடக்கக் குழுவுக்கு நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

வெயிலும் இடியும்

உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், அவர்களே அளந்து சொல்வார்கள். வானிலைச் செயலிகளில் புற ஊதாக் குறியீடு வருகிறது. அது 3-ஐத் தொட்டாலே தொப்பி, முழுக்கை, நிழல் தேவை. வெயில் களிம்பு பூசினால் எஸ்பிஎஃப் (களிம்பின் வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் களிம்பைவிட நிழல்தான் சரி.

ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஒதுங்கி உட்கார்ந்தால், தலைவலி, குமட்டல் என்றால், நிழலில் படுக்கவைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ காத்திருக்காதீர்கள், அவசர ஊர்தியைக் கூப்பிட்டுவிட்டு உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள்.

இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடி வேண்டாம். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியில் வர வேண்டும். பிள்ளைகள் ஐந்தாம் நிமிடமே அடம்பிடிப்பார்கள், அதற்காக ஒரு சீட்டுக்கட்டு வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

பையில்

ஒவ்வொரு குடும்பமும் தனக்கான தண்ணீர், ஒரு மாற்றுத்துணி, தொப்பி, குப்பைக்கு ஒரு பை கொண்டுவரட்டும். முதலுதவிப் பை கூட்டத்துக்கு ஒன்று போதும், எப்போதும் அதே ஆள் கொண்டுவந்தால் மறக்காது. காயத்தைச் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவிக் கட்டுவதுதான் பெரும்பாலான நாள் வேலை. தேனீ கொட்டினால் கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசிக்காமல் உடனே எடுத்துவிடுங்கள், அது தோலில் இருக்கும் வரை விஷம் இறங்கிக்கொண்டிருக்கும்.

யாருக்கு எந்த ஒவ்வாமை, யாருக்கு மூச்சிரைப்பு, யாருக்கு வலிப்பு என்பதைக் கிளம்பும் முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்து வண்டியில் இருக்கக் கூடாது, அந்தப் பிள்ளையோடு நடக்கிறவர் பையில் இருக்க வேண்டும்.

சமைத்துக் கொண்டுவந்த உணவு வெளியில் இரண்டு மணி நேரம்தான் தாங்கும், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். நான் எல்லாரும் கூடிச் சமைத்து எடுத்துவருவதைத் தொடக்கத்தில் ஊக்கப்படுத்துவதில்லை. யாரோ ஒரு வீட்டில் ஒருவர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வேலை செய்ய வேண்டியிருக்கும், அவருக்கு அந்த ஞாயிறு ஓய்வாக இருக்காது. அவரவர் பிள்ளைக்கு அவரவர் எதையாவது கொண்டுவருவது போதும்.

பேசித் தீர்க்க வேண்டியவை

குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். மழையிலும் வெயிலிலும் உடைந்த குழுவை நான் பார்த்ததில்லை.

அடுத்த வீட்டுப் பிள்ளையைத் திட்டலாமா? முதல் நாளே பேசிவிடுங்கள். ஆபத்து என்றால் பக்கத்தில் இருக்கும் யாரும் தடுக்கலாம், சத்தம் போடலாம். மற்றபடி அந்தப் பிள்ளையின் அம்மா அப்பாவிடம் விடுவது என்று எங்களுக்குள் வைத்திருக்கிறோம்.

மரம் ஏறுவது, பாறை ஏறுவது பற்றி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு அளவு இருக்கும். எங்கள் விதி: தானாக ஏற முடிகிற உயரம் வரை ஏறலாம், யாரும் தூக்கி வைக்கக் கூடாது. தானாக ஏறிய பிள்ளைக்கு எந்தக் கிளை தாங்கும் என்று ஏறும்போதே கொஞ்சம் தெரிந்திருக்கும். தூக்கி வைத்த பிள்ளைக்கு இறங்கத் தெரியாது. ஒரு வீட்டார் ஏறவே வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைக்கு அதுதான் சட்டம், "இவ்வளவு பயப்படாதீங்க" என்று யாரும் சொல்லக் கூடாது.

படம் எடுப்பது பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். தன் பிள்ளை படம் இணையத்தில் வேண்டாம் என்கிற பெற்றோர் இருப்பார்கள், அதைக் கூட்டத்தில் சொல்லத் தயங்குவார்கள். அதனால் நீங்களே முதலில் கேளுங்கள். போடுவதானாலும் வீடு திரும்பிய பிறகு, இடம் தெரியாமல் போடுங்கள்.

சத்தம் ஒத்துவராத பிள்ளை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, அடிக்கடி உட்கார வேண்டிய தாத்தா இருந்தால் பாதையை அவர்களுக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுங்கள். அவர்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போய்வருவது இரண்டு முறை நடந்தால், மூன்றாம் முறை அந்தக் குடும்பம் வராது. சமமான பாதையும் நடுநடுவே இருக்கையும் இருந்தால் எல்லாருக்குமே சுகம்தான்.

கிளம்பும்போது

கொண்டுபோனது எல்லாம் திரும்பி வர வேண்டும், பழத்தோல் உட்பட. மட்கிவிடும் என்று வீசும் தோல் பல வாரம் அங்கேயே கிடக்கும், அதைத் தின்னப் பழகும் விலங்கு அடுத்த முறை ஆளைத் தேடி வரும். கழிப்பறை இல்லாத இடத்துக்கு என்றாவது போக நேர்ந்தால், நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். தாளையும் ஈரத்துடைப்பானையும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

தலையை இன்னொரு முறை எண்ணுங்கள். வண்டியில் ஏறும் முன், எல்லாரும் நிற்கும்போதே, அடுத்த மாதம் பார்த்துவரப் போவது யார், முதலுதவிப் பையில் எது தீர்ந்தது, இந்த இரண்டை மட்டும் பேசிவிடுங்கள். அன்று வராத குடும்பத்துக்கு மாலையில் ஒருவர் போன் செய்யட்டும். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். அந்த எறும்புப் புற்று இப்போது இரண்டாகியிருக்கிறது, உங்கள் மகள் வந்து பார்க்க வேண்டுமாம் என்று பிள்ளைகள் சொல்லி அனுப்பியதைச் சொன்னால் போதும்.